ஒரு துளிக்கு ஒரு செல்

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். நீள மேசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆய்வகத்தின் இயக்குநர் அம்மாள். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் அவர் முகம் யாருக்கும் சரியாகத் தெரியாது; அவருக்கு மட்டும் எல்லார் முகமும் தெரியும். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் கண் டாக்டர். ஆபரேஷன் அறையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள் என்பதால் அவர் என்றைக்குமே நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். அவருக்கு எதிரே ஐஸ்பெட்டி. ஆய்வகத்தின் டெக்னீஷியன் அவள். எதைக் கையில் கொடுத்தாலும் “முதல்ல ஐஸ்ல வைங்க” என்பாள், அதனால் அந்தப் பெயர். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பாள். மேசையின் கால்மாட்டில், திரைக்குப் பக்கத்தில், மடிக்கணினியோடு கணக்குப்பிள்ளை.

ஐஸ்பெட்டிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் நடுவில் ஒரு நாற்காலி இருந்தது. அதைக் காலி என்று சொல்ல முடியாது; ப்ரொஜெக்டரின் பை அதில் உட்கார்ந்திருந்தது. யாரோ வேண்டுமென்றே அங்கே வைத்திருக்க வேண்டும். அத்தான் போனபிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த நாற்காலியில் ஏதாவது ஒரு சாமான் இருந்தது.

அத்தான் என்றால் கணக்குப்பிள்ளையின் அக்கா கணவர். கணக்குப்பிள்ளை என்ற பட்டப்பெயரை இவனுக்குச் சூட்டியதும் அவர்தான். இருவருக்கும் ஒரே ஆய்வகம். இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த கண்ணிலிருந்து திசுவை எடுத்து, செல் செல்லாகப் பிரிப்பது அத்தானின் வேலை. பிரித்த செல்களில் எந்தெந்த மரபணு பேசுகிறது என்று எண்ணுவது இவன் வேலை. “நான் பிரிக்கிறேன், நீ கூட்டுற. நம்ம குடும்பத்துல வேற யாரு மாப்ள இவ்ளோ ஒத்துமையா இருக்காங்க?” என்று கல்யாண வீடுகளில் அவர் சொல்லிக்கொண்டு திரிவார். போன மழைக்காலத்தில், பேருந்து நிறுத்தத்தில், கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றவர் நின்ற மேனிக்குச் சாய்ந்தார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கணக்குப்பிள்ளைக்கு எதுவும் உறைக்கவில்லை. அழவும் இல்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தான். தொட்டால் தொடுவது தெரிந்தது, அது தன் தாடைதான் என்பது தெரியவில்லை. சாப்பிட்டான், ருசி தெரியவில்லை. உப்பு கூடிப்போச்சா என்று வீட்டில் கேட்டால், கேட்டவள் முகத்தைப் பார்த்து, அதற்குத் தக்கபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

கூட்டம் கூடியது ஒரு நல்ல காரியத்துக்குத்தான். அவர்களுடைய கட்டுரையை ஒரு பெரிய சஞ்சிகை ஏற்றுக்கொண்டிருந்தது. இணையத்தில் வந்தாயிற்று, அடுத்து அச்சு. முதல் பெயர் அத்தானுடையது, இரண்டாவது பெயர் இவனுடையது. கட்டுரை சொன்ன சேதி இதுதான்: கருவிழியும் வெள்ளை விழியும் சேருகிற ஓரத்தில் மெல்லிய வளையம் ஒன்று உண்டு. கண்ணின் முன்படலம் தேயத் தேய அதைப் புதுப்பிக்கிற ஸ்டெம் செல்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. அந்த வளையத்தில், இதுவரை யாரும் பார்த்திராத, மற்ற எல்லாவற்றையும்விட இளமையான ஒரு கூட்டத்தை நாங்கள் கண்டோம்.

இளமை என்பதை எப்படி அளப்பது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதிர்ந்த செல், தன் தொழிலுக்கு வேண்டிய மரபணுக்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடும். இன்ன தொழில் என்று முடிவு செய்யாத செல், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பேசவிட்டிருக்கும். ஆகவே ஒரு செல்லில் எத்தனை மரபணு பேசுகிறது என்று எண்ணினால், அது எவ்வளவு தூரம் இன்னும் குருத்தாகவே இருக்கிறது என்று ஒரு மதிப்பெண் போட்டுவிடலாம். மதிப்பெண் கூடக்கூட இளமை. வரைபடத்தில் மற்ற செல்களை விட்டு விலகி, உச்ச மதிப்பெண்ணோடு ஒரு திட்டு நின்றது. படலத்துச் செல்லின் மரபணுக்களும் அதில் பேசின, பக்கத்தில் குடியிருக்கும் நிறமிச் செல்லின் மரபணுக்களும் பேசின. எதுவாக ஆவது என்று இன்னும் தீர்மானிக்காத பிள்ளை என்றுதான் எல்லாரும் படித்தார்கள். அத்தான் அதற்குத் தீவு என்று பேர் வைத்தார்.

அச்சுக்குப் போகும் முன்பு சஞ்சிகைக்காரர்கள் ஒரு சின்ன வேலை சொல்லியிருந்தார்கள். ஆண், பெண் கொடையாளிகளின் செல்களைத் தனித்தனி நிறத்தில் காட்டி ஒரு படம் வேண்டும். இப்போதெல்லாம் எல்லாரிடமும் கேட்கிற சம்பிரதாயமான கேள்விதான். ஒருவர் கண்ணில் கிடைக்கிற செல் போதாது என்பதால், ஒவ்வொரு முறையும் ஓர் ஆணின் திசுவையும் ஒரு பெண்ணின் திசுவையும் ஒரே குழாயில் கலந்துதான் இயந்திரத்தில் விடுவார்கள். பின்னால் பிரித்துக்கொள்ளலாம், பெண்ணின் செல்லில் மட்டும் பேசும் மரபணு ஒன்று உண்டு, ஆணின் செல்லில் மட்டும் பேசுபவை சில உண்டு. பிரிக்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் பிரிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை படத்தைத் திரையில் போட்டான். பச்சை பெண், ஆரஞ்சு ஆண். வரைபடம் முழுக்கப் பச்சையும் ஆரஞ்சுமாக இறைந்து கிடந்தது. தீவில் மட்டும் பாதிக்குப் பாதி சாம்பல்.

“அது என்ன சாம்பல்?” என்றார் கண் டாக்டர்.

“ரெண்டும் இருக்கிற செல் சார்.”

“ரெண்டும்னா?”

“ஆணோடதும் பெண்ணோடதும்.”

“ஒரே செல்லுக்குள்ளயா? அது எப்படிப்பா?”

ப்ரொஜெக்டர் பையைப் பார்த்தபடி ஐஸ்பெட்டி சொன்னாள்: “செல்லுக்குள்ள இல்ல டாக்டர். துளிக்குள்ள.”

இயந்திரம் ஒவ்வொரு செல்லையும் எண்ணெயில் மிதக்கும் ஒரு நீர்த்துளிக்குள் அடைத்து, துளிக்கு ஓர் அடையாளச் சீட்டு ஒட்டும். ஒரு துளிக்கு ஒரு செல். சில சமயம் ஒரே துளியில் இரண்டு செல் நுழைந்துவிடும். கணக்கு அதையும் ஒரு செல் என்றே எண்ணும். இரண்டு செல்லின் மரபணுக்களும் சேர்ந்து பேசும், மதிப்பெண் தானாக ஏறும். படலத்துச் செல் ஒன்றும் நிறமிச் செல் ஒன்றும் ஒரே துளியில் அகப்பட்டால், எதுவாக ஆவது என்று தீர்மானிக்காத பிள்ளை ஒன்று பிறந்துவிடும்.

பாதிதானே சாம்பல், மீதிப் பாதி நல்ல செல்லாக இருக்கக் கூடாதா என்று இயக்குநர் அம்மாள் கேட்டார். தற்செயலாகச் சோடி சேர்ந்தால் பாதிச் சோடி ஆணும் பெண்ணுமாக இருக்கும், மீதிப் பாதி ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும், அவற்றை நிறம் காட்டிக்கொடுக்காது என்று கணக்குப்பிள்ளை சொன்னான். தன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல அவனுக்கே கேட்டது. சல்லடை போடவில்லையா என்றார் அவர். சோடிகளைக் கண்டுபிடித்து விலக்குகிற நிரல் ஒன்று உண்டு. அதைத்தான் சல்லடை என்பார்கள். போட்டிருந்தான். ஆனால் எத்தனை சோடி இருக்கலாம் என்று அதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். இயந்திரத்தின் கையேட்டில் உள்ள அளவுக்குச் செல்களை ஊற்றினால் எத்தனை வருமோ அத்தனை என்று சொல்லியிருந்தான். அது அத்தனையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டது.

“கையேட்டு அளவா ஊத்தினாரு அவரு?” என்றாள் ஐஸ்பெட்டி. யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது.

அத்தான் ஊற்றுவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

கண் டாக்டரின் கைபேசி அதிர்ந்தது. எழுந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுண்ணாம்பு பட்டுக் கண் வெந்தவர்கள் அவரிடம் வருவார்கள். தீவின் அடையாளத்தை வைத்துச் செல்களைப் பொறுக்கி, வளர்த்து, படலமாக்கி ஒட்டிப் பார்க்கலாம் என்று காத்திருந்தார். “ஒண்ணே ஒண்ணு சொல்லு. அதை நம்பி நான் பொறுக்கினா என்ன வளரும்?”

“ஒண்ணும் வளராம போகலாம் சார்.”

“அப்ப நான் பொறுக்கல,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இயக்குநர் அம்மாள் கொஞ்ச நேரம் மேசையில் விரலால் கோடு போட்டார். பிறகு, செய்யக்கூடியவை இரண்டு என்றார். ஒன்று, ‘இந்தத் தொகுதியில் கொடையாளியின் பாலினத்தைத் தீர்மானிக்க இயலவில்லை’ என்று படத்தின் கீழே ஒரு வரி எழுதி அனுப்புவது. அதில் பொய் எதுவும் இல்லை. இன்னொன்று, கட்டுரையை வாபஸ் வாங்குவது. அதற்கு எல்லா ஆசிரியர்களும் மையால் கையெழுத்திட்ட கடிதம் தபாலில் போக வேண்டும். காலமானவருக்கு அவருடைய வாரிசு கையெழுத்திட வேண்டும் என்பது சஞ்சிகையின் விதி.

“அவருக்கு முதல் பேரா இருக்கிறது இது ஒண்ணுதான்,” என்றார். “நீ எதை எழுதிக் கொண்டுவந்தாலும் நான் கையெழுத்து போடறேன். ஆனா உங்க அக்காகிட்ட நீதான் போகணும்.”

தன் இடத்துக்குத் திரும்பிய கணக்குப்பிள்ளை முதலில் அந்த ஒரு வரியைத்தான் தட்டச்சு செய்தான். படித்துப் பார்த்தான். நல்ல வரி. யாரும் குறை சொல்ல முடியாது. அதைப் படிக்கும்போது வெட்கமாவது பயமாவது வரும் என்று காத்திருந்தான், எதுவும் வரவில்லை. கையைத் தூக்கி மேசை விளிம்பில் லேசாக இடித்துப் பார்த்தான். வலித்தது, ஆனால் தள்ளி எங்கோ.

பிறகு தீவைக் கழற்றிவிட்டு மிச்சச் செல்களுக்கு மறுபடி மதிப்பெண் போட்டான். அச்சுப் பிசகாமல், பாடப்புத்தகத்தில் எந்த இடத்தில் சொல்லியிருக்கிறதோ அந்த இடத்தில், எல்லாருக்கும் தெரிந்த பழைய ஸ்டெம் செல்கள் வந்து உட்கார்ந்தன. அளவுகோலில் கோளாறு இல்லை. புதிதாக ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அத்தான் ஊற்றுகிற விதம் அவன் கண்முன் வந்தது. குழாயில் இருப்பதை இயந்திரத்தின் சின்னக் குழியில் விடுவார். அளவு முடிந்த இடத்தில் நிறுத்த மாட்டார். குழாயின் அடியில் ஒட்டியிருப்பதை ஒரு சொட்டு திரவம் விட்டு அலம்புவார், அதையும் விடுவார். இன்னொரு தடவை அலம்புவார். ஒரு பக்கம் ஐஸ்பெட்டி முறைத்துக்கொண்டு நிற்பாள். “செத்தவங்க கொடுத்துட்டுப் போயிருக்காங்கம்மா. இதை எப்படி சிங்க்ல ஊத்துறது? மனசு வருமா?” என்பார். அவர் தயாரித்த மாதிரிகளில் மட்டும் எப்போதும் செல் எண்ணிக்கை அள்ளிக்கொண்டு வரும். கைராசி என்றார்கள். கணக்குப்பிள்ளையும் அப்படித்தான் சொன்னான்.

கட்டுரை ஏற்கப்பட்டது என்ற சேதி வந்தபோது அத்தான் இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அச்சில் வந்ததும் ஒரு பிரதி கொண்டுவா என்றாள். சுவரில் ஆணிகூட அடித்துவைத்துவிட்டாள். துக்கம் கேட்க வருகிறவர்கள் அந்த வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்பார்கள். “கண்ணுல ஒரு புது செல்லை அவர் கண்டுபிடிச்சாரு. அது வந்ததும் மாட்டணும்,” என்பாள். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அவள் நிமிர்ந்து உட்காருவதை அவன் கவனித்திருக்கிறான். மற்ற நேரங்களில் அவளும் அவனைப் போலத்தான் இருந்தாள். பேசினாள், நடந்தாள், வேலைக்குப் போனாள்.

வாபஸ் கடிதத்தை ஓர் உறையில் போட்டுக்கொண்டு அவன் அவளைப் பார்க்கப் போனது அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு. வீட்டுக்குப் போனால் அந்த ஆணி இருக்கும்.

ரயில் நிலையத்தில், நடைமேடைகளுக்குக் கீழே இறங்கும் படிக்கட்டின் அடியில், பயணிகள் தவறவிட்ட பொருள்களைப் பாதுகாக்கும் அலுவலகம் இருக்கிறது. ஒரு நீள கவுண்டர், அதன் பின்னால் கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள். குடைகள் ஒரு பக்கம் கட்டுக்கட்டாக. ஒற்றைச் செருப்பு, மூக்குக் கண்ணாடி, பல்செட், ஒரு வயலின் பெட்டி. மேலே ரயில் வரும்போதெல்லாம் அத்தனையும் ஒரு நடுங்கு நடுங்கும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பொருளைத் தேடி வருகிறவர், அலமாரியைத் திறக்கும் முன்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னது பொருந்தினால்தான் பை வெளியே வரும். அக்கா அதில் கறார். அழுதாலும் சரி, அதட்டினாலும் சரி, “உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க” என்பாள்.

அவன் போனபோது அவள் ஒரு தோள்பையைக் கொட்டி, சாமான்களைக் கவுண்டரில் பரப்பிக்கொண்டிருந்தாள். அவன் உறையை அதன் பக்கத்தில் வைத்தான்.

“கட்டுரையா?” என்று கையை நீட்டினாள்.

“இல்லக்கா. கையெழுத்து வாங்க வந்தேன்.”

நீட்டின கையை உறையின் மேல் வைத்தாள். பிரிக்கவில்லை. தம்பியின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். “உள்ள என்ன இருக்குன்னு முதல்ல சொல்லு.”

பழக்கதோஷத்தில் கேட்டாளா, தெரிந்துதான் கேட்டாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கூட்டத்தில் படத்தைக் காட்டியிருந்தான், கேட்டதற்குப் பதில் சொல்லியிருந்தான். முழுசாக வாயால் சொன்னதில்லை.

“அத்தான் பாத்தது புது செல் இல்ல,” என்றான். “ரெண்டு செல்லு ஒண்ணா மாட்டிக்கிட்டது. நாங்க ஒண்ணுன்னு நினைச்சுட்டோம்.”

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஒரு ரயில் வந்தது. குடைகள் நடுங்கி நின்றன.

“எப்படித் தெரியும்?”

கவுண்டரில் பரப்பியிருந்ததை அவன் பார்த்தான். நீச்சல் உடை, கம்பளித் தொப்பி, ஷேவிங் பிரஷ், கொண்டை ஊசி, மழைக் கோட்டு. அதைக் காட்டியே சொன்னான். இந்தப் பை ஓர் ஆளுடையது என்று வைத்துக்கொண்டால், எங்கே போவது என்று இன்னும் முடிவு பண்ணாத ஆள், கடலுக்கும் போகலாம், மலைக்கும் போகலாம், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாம் எடுத்துவைத்திருக்கிறார் என்று தோன்றும். அப்படிப்பட்ட செல்லைத்தான் இளசு என்பார்கள். எத்தனை சாமான் இருக்கிறது என்று எண்ணித்தான் மதிப்பெண் போடுவார்கள். ஆனால் ஷேவிங் பிரஷ்ஷும் கொண்டை ஊசியும் ஒரே பையில் இருந்தால்?

“புருஷன் பொண்டாட்டி பை,” என்றாள் அக்கா. பிரஷ்ஷை எடுத்துக் கொண்டை ஊசிக்குப் பக்கத்தில் வைத்தாள். “பதிவேட்டுல அதுதான் எழுதப் போறேன்.”

அப்போது ஒருவர் வேறொரு தொப்பியைத் தேடி வந்தார். என்ன நிறம், உள்ளே என்ன தையல் என்று கேட்டாள், அவர் சரியாகச் சொன்னார், எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது கேள்வியைத் தயாராக வைத்திருந்தாள்.

“அவர் தப்பா செஞ்சுட்டாரா?”

“கூட ஊத்திட்டாருக்கா. இவ்ளோதான் ஊத்தணும்னு இருக்கு. அவர் அலம்பி அலம்பி எல்லாத்தையும் ஊத்திட்டாரு. இடம் இல்லாம ரெண்டு ரெண்டா போய் விழுந்திருக்கு.”

அக்காவின் மூக்கிலிருந்து ஒரு காற்று வந்தது. சிரிப்பு மாதிரி. “ஷாம்பு பாட்டில்ல தண்ணி ஊத்திக் குலுக்குவாருல்ல, அந்த மாதிரியா?”

“அந்த மாதிரிதான்.”

“பேஸ்ட்டு டியூபைக் கத்திரியால வெட்டி, உள்ள வழிச்சு எடுப்பாரு. கல்யாணமான புதுசுல பாத்துட்டு நான் அம்மாகிட்ட போய் மூக்கால அழுதேன், கஞ்சப் பிசிநாறி கையில பிடிச்சுக் கொடுத்துட்டீங்களேன்னு.” நிறுத்தினாள். “கடைசியா வெட்டினது இன்னும் பாத்ரூம்லதான் இருக்கு. காஞ்சு போச்சு.”

அவன் தலையாட்டினான். அந்த டியூபை அவன் பார்த்திருந்தான்.

“அவர் கண்ணையும் கொடுத்தோமே,” என்றாள் அக்கா. “அதையும் இப்படிக் கலந்துதான் ஊத்துவீங்களா?”

“படலத்தை யாருக்காவது வச்சிருப்பாங்க. ஓரத்து வளையம் ஏதாவது லேபுக்குப் போயிருக்கும். அட்டையில நம்பர்தான் இருக்கும்க்கா. யாருதுன்னு எங்களுக்குத் தெரியாது.”

“தெரியாம இருக்கிறதும் நல்லதுதான்.”

உறை இன்னும் அவள் கையின் கீழேயே இருந்தது. கையெழுத்து போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். கடிதம் போகாது, கட்டுரை அப்படியே அச்சாகும், ஒரு வரி மட்டும் கூட வரும் என்றான். அந்த வரியை அவளுக்குச் சொல்லியும் காட்டினான். அதில் பொய் இல்லை என்பதையும் சொன்னான். அதைப் படித்துவிட்டு வேறு யாராவது, வேறு எங்காவது, வெந்த கண்ணுக்கு அந்தச் செல்லைப் பொறுக்கி ஒட்டப் பார்க்கலாம் என்பதையும், மறைக்காமல், அதே குரலில் சொன்னான். அவன் எந்தப் பக்கமும் சாய்ந்து பேசவில்லை. சாய்வதற்கு வேண்டிய பலம் இல்லை.

“சொன்னதும் சாமானும் பொருந்தலைன்னா நான் பையைக் கொடுக்க மாட்டேன். உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்க்கா.”

“ஒரு பொம்பள வந்து அழுவா. அவளோட பைதான்னு எனக்கும் தோணும். இருந்தாலும் கொடுக்க மாட்டேன்.” பரப்பியிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தோள்பைக்குள் திருப்பி வைத்தாள். ஊசி, பிரஷ், தொப்பி. கோட்டை மடித்தாள். “வாபஸ்னு போடுற அறிவிப்புல பேரெல்லாம் வருமா?”

“வரும்.”

“யார் பேரு முதல்ல?”

“கட்டுரையில இருந்த வரிசைதான். அத்தான் பேருதான் முதல்ல.”

“அப்ப சரி.”

அவள் பேனாவைத் திறந்தாள். உறையைப் பிரித்து, காகிதத்தை எடுத்து, முழுவதையும் படித்தாள். பாதி புரிந்திருக்காது. நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள். ‘செல்கள் பரிந்துரைக்கப்பட்ட அளவுக்கு மேல் இடப்பட்டதால்’ என்று இருந்தது.

“ஏன் மேல போட்டாருன்னு இதுல இல்லையே.”

“அதெல்லாம் எழுத மாட்டாங்கக்கா.”

“நீ எழுது.”

“சஞ்சிகைக்காரங்களுக்கு அது தேவையில்ல.”

“எனக்குத் தேவை. சும்மா மேல போட்டாருன்னா, கவனமில்லாம போட்டாருன்னு படிக்கிறவங்க நினைப்பாங்க. நீ எழுதிட்டு வா, போடறேன்.” பேனாவை மூடிவிட்டாள்.

அடுத்த ரயிலுக்கு எல்லாம் நடுங்கின. அவன் காகிதத்தை எடுத்துக்கொண்டு படியேறினான்.

அந்த ஒரு வாக்கியத்தை எழுதத்தான் அவனுக்கு அதிக நேரம் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கின மாதிரி, முதலில் யாருக்கு, பிறகு எதற்கு, பிறகு என்ன என்று ஒழுங்காக வந்த கை, ‘ஏன்’ வந்ததும் நின்றுவிட்டது. பணிவு கூடினால் மன்றாடுவது போல இருந்தது, குறைந்தால் சாக்குச் சொல்வது போல இருந்தது. கடைசியில் எழுதினான்: ‘தானமாக வந்த திசு எதுவும் வீணாகக் கூடாது என்ற எண்ணத்தால், பிரித்தெடுத்த செல்கள் அனைத்தும் இயந்திரத்தில் இடப்பட்டன, அதனால் ஒரே துளியில் இரண்டு செல்கள் சேர்ந்தன, அவற்றை ஒன்றெனக் கொண்டு அளந்தோம்.’ படித்துப் பார்த்தான். பொருந்தியது.

இயக்குநர் அம்மாளின் பென்சில் அந்த இடத்தில் நின்றது. “இது வேணுமா?”

“அக்கா கேட்டாங்க.”

பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். கண் டாக்டர் நடைபாதையில் நின்றபடியே சுவரில் வைத்துக் கையெழுத்திட்டார். ஐஸ்பெட்டி கையுறையைக் கழற்றிவிட்டு வந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்தெழுத்தாகப் போட்டாள். கணக்குப்பிள்ளை தன் பெயருக்கு நேரே போட்டான். முதல் பெயருக்கு நேரே இடம் வெறுமையாக இருந்தது. அதை அக்கா மறுநாள், கவுண்டரில் ஒரு குடைக்கட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வாக்கியத்தை இரண்டு தடவை படித்த பிறகு நிரப்பினாள்.

“ஆணியைப் பிடுங்கிடவா?” என்றான் அவன்.

“இருக்கட்டும். காலண்டர் மாட்டிக்கிறேன்.”

ரயில் நிலையத்தை ஒட்டியே தபால் நிலையம். கணக்குப்பிள்ளை கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் வைத்தான். பசைப் பாத்திரம் காய்ந்து கிடந்தது. உறையின் மடிப்பில் இருந்த பசையை நாக்கால் நனைத்தான். லேசாக இனித்து, அப்புறம் கசந்தது. அவன் ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்துப் பார்த்தான். கசப்புதான்.

“ஒட்டிட்டீங்கன்னா கொடுங்க,” என்றார் கவுண்டரில் இருந்தவர். பின்னால் வரிசை நின்றது. “உள்ள என்ன?”

“காகிதம்.”

மடிப்பைக் கட்டை விரலால் ஓரம் முழுக்க அழுத்தித் தேய்த்துவிட்டு நீட்டினான். அவர் எடை போட்டு, தபால்தலை ஒட்டி, முத்திரை குத்தி, உறையைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் இருந்த சாக்கில் போட்டார்.